எந்தக் கை?

படுக்கையறைக் கதவு உள்ளிருந்து இரண்டு முறை தட்டப்பட்டது.

"வந்துட்டேங்க, வந்துட்டேன். கையெல்லாம் மாவு" என்று சொல்லிக்கொண்டே சாஜிதா பேகம் போய்த் திறந்தாள்.

அங்கே அவளுடைய கணவர் ரசாக் நின்றுகொண்டிருந்தார். உயரம் மூன்றடி. நீலக் கட்டம் போட்ட சட்டை கணுக்கால்வரை தொங்கியது. கையை மடித்து மடித்து விட்டும் விரல் நுனி வெளியே வரவில்லை. தலையில் இருந்த வலைத் தொப்பி காதைத் தாண்டி இறங்கியிருந்தது.

"வாங்க. ஏன் இன்னைக்கு இத்தனை நேரம்?"

"கரண்டே இல்ல சாஜி. மோட்டாரெல்லாம் அப்படியே கெடக்குது."

"கையைக் கழுவிப்போட்டு உக்காருங்க. டீ போடறேன்."

ரசாக் தொண்டையைச் செருமினார். நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, தரைக்கு எட்டாத கால்களை ஆட்டினார். பிறகு ஞாபகம் வந்ததுபோல் ஆட்டுவதை நிறுத்திக்கொண்டார்.

இந்த ரசாக்கின் நிஜப் பெயர் இஃப்ரா. வயது ஐந்து. நிஜ ரசாக் மவுத்தாகி, மண்ணுக்குள் போய் மூன்று மாதம் ஆகிவிட்டது.

பீளமேட்டில் மோட்டாருக்குக் காப்பர் கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார் ரசாக். பொழுது சாயும் நேரத்துக்கு அவருடைய மொபெட் உக்கடத்துச் சந்துக்குள் திரும்பும். முனையில் ஹாரன் அடிப்பார். இஃப்ரா எங்கே இருந்தாலும் ஓடி வருவாள். ரசாக் செருப்பைக் கழற்றாமல், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலிலேயே நிற்பார்.

"எந்தக் கை?"

இஃப்ரா கண்ணை மூடி யோசிப்பாள். ஒரு கையைத் தொடுவாள். அதில் காப்பர் கம்பியை முறுக்கிச் செய்த ஏதாவது ஒன்று இருக்கும். மூக்குக் கண்ணாடி, மீன், நாற்காலி, மோதிரம். கடையில் வெட்டிப்போடும் துண்டுக் கம்பிதான். அது கிடைத்ததும் அவள் போடும் கூச்சலில் வளவில் இருக்கும் அத்தனை வீடும் திரும்பிப் பார்க்கும். ஒரு நாளும் அவள் தோற்றதில்லை. கெட்டிக்காரக் குட்டி என்று சாஜிதா அடுப்படியில் இருந்தபடி நினைத்துக்கொள்வாள்.

அடுப்படியில் இருந்தபடிதான். அந்த விளையாட்டில் அவள் சேர்ந்ததே இல்லை.

"வந்ததும் வராததுமா என்ன வெளையாட்டுங்க? டீ ஆறிப்போச்சு" என்பாள்.

"ஆறினா என்ன, நீ மறுபடி சுட வெப்பயாம்" என்பார் ரசாக். "நீயும் ஒருக்கா வந்து பாரேன் சாஜி."

"ஆமா, எனக்கு வேற வேலையில்ல பாருங்க."

ஒரு செவ்வாய்க்கிழமை மொபெட் வரவில்லை. வேன் வந்தது. கடையில் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாராம். அன்று இரவே அடக்கம் முடிந்துவிட்டது. பக்கத்துக் கடைக்காரர் கைக்கடிகாரத்தையும் மொபெட் சாவியையும் கொடுத்துவிட்டு, சட்டைப் பையில் இருந்ததென்று ஒரு கம்பிக் குருவியையும் கொடுத்தார். பிள்ளை கைக்குப் போனால் நசுங்கிவிடும் என்று சாஜிதா அதை பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

அன்று முதல் அவள் இத்தாவில் இருக்கிறாள். நாலு மாதம் பத்து நாள் வாசல்படி தாண்டக் கூடாது. வண்ணச் சேலை, பூ, அத்தர் கிடையாது. உடன்பிறந்தவர்களைப் போன்ற நெருங்கிய உறவைத் தவிர ஆண்கள் யாரும் வீட்டுக்குள் வரக்கூடாது. முதலில் பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பிறகு ஒருத்தர் இருவராக வந்தார்கள். பிறகு அதுவும் நின்றது. ரசாக்கின் துணிமணிகளை ஏழைகளுக்குக் கொடுத்தாயிற்று. அழுக்குக் கூடையில் கிடந்த நீலக் கட்டச் சட்டையும் வலைத் தொப்பியும் மட்டும் தப்பின. சாஜிதா சட்டையைத் துவைக்கவில்லை. காயிலுக்குப் பூசும் வார்னிஷ் வாசனை போய்விடுமே.

அதைப் போட்டுக்கொண்டு ஒரு நாள் இஃப்ராதான் முதலில் கதவைத் தட்டினாள். கூடவே ஒரு தலையணையைத் துப்பட்டாவில் சுற்றிக் கொண்டுவந்து தரையில் நிறுத்தினாள்.

"நாந்தான் அத்தா. நீ அம்மா. இதுதான் இஃப்ரா" என்றாள்.

சாஜிதாவுக்கு அழுகை முட்டியது. ஆனால் வாய் தானாகவே, "வாங்க" என்றது. சொன்னதும் மார்பில் இருந்த பாரம் ஒரு விரல்கடை இறங்கியது.

மறுநாளும் விளையாடினார்கள். அதற்கு அடுத்த நாளும். தலையணை உறை அழுக்காகிறது என்று நாலைந்து நாளில் சாஜிதா அதை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டாள். டீ நிஜ டீயாயிற்று. தோசை நிஜத் தோசையாயிற்று. அவருக்குப் பிடிக்குமே என்று பூண்டுச் சட்னி அரைத்தாள். இஃப்ராவுக்குப் பூண்டு ஆகாது. மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினாள்.

*

ராமாத்தாள் பக்கத்து வீட்டுக்காரி. சாஜிதா வெளியே போக முடியாததால் பாலும் காய்கறியும் அவள்தான் வாங்கி வந்து கொடுப்பாள். அன்று கொத்தமல்லிக் கட்டைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"ஏனுங்க அம்மணி, ஒண்ணு கேக்கறேன். தப்பா நெனச்சுக்கப்படாது."

"சொல்லுங்கக்கா."

"சாயங்காலம் பொழுதோட ஊட்டுக்கு யாராச்சும் வந்துட்டுப் போறாங்களா?"

சாஜிதாவுக்குப் புரியவில்லை. ராமாத்தாள் குரலைத் தாழ்த்தினாள்.

"சிறுவாணித் தண்ணி புடிக்கற எடத்துல ரெண்டு பேரு குசுகுசுன்னாளுக. இத்தாவுல இருக்கற ஊட்டுக்குள்ள ஆம்பளைகூடப் பேசற மாதிரி இருக்குதாமா. ஆம்பளைச் சத்தத்த நீ கேட்டயாடின்னேன். அது கேக்கல, அந்தம்மாதான் வாங்க, உக்காருங்க, இன்னொரு தோசை வெக்கட்டுங்களான்னு அத்தன மருவாதையாப் பேசுது, ஆம்பளைக்கில்லாம வேற யாருக்குங்கறா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். அட கூறு கெட்டவளே, எங்கூட்டு நாய்க்குட்டியக்கூட நான் வாங்க போங்கன்னுதான் கூப்பிடறேன், இது கோயமுத்தூருடின்னேன்."

சாஜிதா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். நீலச் சட்டையைக் கொண்டுவந்து காட்டினாள். ராமாத்தாளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"மீசையும் வரைஞ்சு உட்டுப்போடறதுதானுங்க!"

பிறகு அவள் சிரிப்பு மெல்ல நின்றது. சட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

"அம்மணி, அந்தப் புள்ள வெளிய வந்து வெளையாண்டு எத்தன நாளாச்சுங்க? எம் பையன் அன்புமணி தெனமும் வந்து கூப்புட்டுட்டுப் போறான்."

"அவளுக்கே இஷ்டமில்லீங்கக்கா. ஊட்டுலயே இருக்கறேங்கறா."

சொல்லும்போதே சாஜிதாவுக்கு நேற்று நடந்தது நினைவுக்கு வந்தது. அன்புமணி ஜன்னலில் நின்று கூப்பிட்டபோது இஃப்ரா எழுந்தாள். திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

*

வெள்ளிக்கிழமை சாஜிதாவின் அக்கா நஸ்ரியா துடியலூரிலிருந்து வந்தாள். பர்தாவைக் கழற்றுவதற்கு முன்பே பேச ஆரம்பித்தாள்.

"இஸ்கூலுக்குப் போயிட்டுத்தான் வாரேன். டீச்சரு சொல்லி அனுப்பியிருந்தாங்க. நீ வெளிய வர முடியாதுல்ல."

"என்னவாமா?"

"இன்ட்ரவல்ல எல்லாப் புள்ளைகளும் ஓடியாடுதாம். இவ மட்டும் பெஞ்சுல கால்மேல கால் போட்டு உக்காந்துக்கறாளாம். வெளையாடப் போலயான்னு டீச்சரு கேட்டதுக்கு, எனக்கு வேலை கெடக்குதுங்க, கரண்டு வேற இல்லன்னாளாம். டீச்சருக்குச் சிரிப்பு. அப்பறம் ஒரு நாளு என்ன சொன்னா தெரியுமா? பெல்லடிச்சதும் பைய எடுத்துட்டு, நான் நேரத்துல போகோணும், போகலைன்னா எங்கூட்டுல அழுவாங்கன்னாளாம். அதைக் கேட்டப்பறம் டீச்சரு சிரிக்கல சாஜி."

இஃப்ரா உள்ளறையில் பாடப் புத்தகத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். சாஜிதா எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். தினமும் மாலையில் நடக்கும் விளையாட்டை அக்காவிடம் சொன்னாள்.

"கொழந்தைகூட வெளையாடறது ஒரு தப்பாக்கா? அவரு இருந்தப்ப தெனமும் என்னையக் கூப்புடுவாரு. நான் ஒரு நாளும் போகல. இப்பத்தான் வெளையாடறேன்."

"அவ வெளையாடறா. நீ குடித்தனமல்ல நடத்தற?"

அக்கா கழற்றிய பர்தாவை சாஜிதா வாங்கி மடித்தாள்.

"நாங்களும் புள்ளைகளோட வெளையாடறோம். அது கூப்புட்டாப் போறோம், போதும்னா எந்திரிச்சு வந்துடறோம். இங்க யாரு யாரைக் கூப்புடறா? நெஞ்சத் தொட்டுச் சொல்லு."

"அதுக்கு என்ன பண்ணச் சொல்றக்கா?"

"இத்தா முடியற மட்டும் எங்கூட்டுல இருக்கட்டும். எங்க வாண்டுக ரெண்டும் இருக்குதுக. தன்னால சரியாயிருவா."

"அவளும் போயிட்டா நான் யாருகிட்டக்கா பேசுவேன்?"

நஸ்ரியாவின் கண் கலங்கியது. ஆனாலும் குரல் இறங்கவில்லை.

"அது பச்சப்புள்ள சாஜி. உன் பேச்சுத் தொணைக்கு வெச்ச ஆளில்ல. நான் ஞாயித்துக்கெழம வாரேன். அதுக்குள்ள அவ தெருவுல எறங்கி நாலு புள்ளைகளோட வெளையாடறான்னு உங்க ராமாத்தாக்கா வாயால நான் கேக்கோணும். இல்லீன்னா அவ துணிமணிய எடுத்து வெச்சிரு."

*

அன்று அந்தச் சட்டையை எடுப்பதில்லை என்று சாஜிதா முடிவு செய்தாள். மடித்துப் பாய்க்கு அடியில் வைத்தாள். இஃப்ரா தட்டினால்கூட, இன்னைக்கு வேண்டாம் கண்ணு, வெளிய போய் விளையாடு என்று சொல்லிவிட வேண்டும். அவளைத் துடியலூருக்கு அனுப்பிவிட்டு இந்தச் சுவர்களோடு எப்படி இருப்பது?

வெயில் சுவரிலிருந்து இறங்கியது. மொபெட் வரும் நேரம். சாஜிதாவின் காது கதவிலேயே இருந்தது.

யாரும் தட்டவில்லை.

டீ கொதித்தது. இறக்கி வைத்தாள். ஆறியது. மறுபடி சுட வைத்தாள். இஃப்ரா ஜன்னல் கம்பியில் முகத்தைப் பதித்துத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது.

நல்லதுதான் என்று சாஜிதா நினைத்தாள். அப்படியே இருக்கட்டும். விளையாட்டு தானாகவே நின்றுபோகட்டும்.

அப்படி நினைத்துக்கொண்டே பாய்க்கு அடியில் கையை விட்டாள்.

"கண்ணு, அத்தா வர்ற நேரமாச்சே" என்றாள். அவள் குரல் அவளுக்கே கேவலமாக ஒலித்தது.

இஃப்ரா சட்டையைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். இறங்கி வந்து கையை உயர்த்திக்கொண்டு நின்றாள். சாஜிதா மாட்டிவிட்டுத் தொப்பியையும் வைத்தாள்.

"கழுத்துல கடிக்குதும்மா."

"கொஞ்ச நேரந்தான் கண்ணு."

கதவு தட்டப்பட்டது. சாஜிதா திறந்தாள்.

"வாங்க. வேலையெல்லாம் முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுது."

"தலை வலிக்குதுங்களா? முகமே வாடிக் கெடக்குதே."

"இல்ல."

"இந்தாங்க டீ. பூண்டுச் சட்னி அரைச்சிருக்கறேன். தோசை ஊத்தட்டுங்களா?"

இஃப்ரா நாற்காலியில் ஏறாமல் சட்டையின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

"அம்மா."

"என்னங்க?"

"அம்மா, நான் இஃப்ரா பேசறேன்."

சாஜிதா டம்ளரைக் கீழே வைத்தாள். "சொல்லு கண்ணு."

"இந்த வெளையாட்டுல நீ அம்மா. நாந்தான் அத்தா. அப்ப இஃப்ரா எங்கம்மா?"

சாஜிதா கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். தலையணை அங்கே தலையணையாகவே கிடந்தது. ஹாரன் சத்தத்துக்கு இஃப்ரா ஓடி வரத் தாமதமாகும் நாட்களில் ரசாக் இதையேதான் கேட்பார். அவளும் அடுப்படியிலிருந்து ஒரே பதிலைத்தான் சொல்வாள். அதுவே இப்போதும் வாயில் வந்தது.

"இஃப்ரா வெளிய வெளையாடப் போயிருக்கறா."

குழந்தையின் முகம் மலர்ந்தது.

"அப்ப நான் போகட்டுமா?"

சட்டை தலைவழியாகக் கழன்று விழுந்தது. தொப்பி ஒரு பக்கம் உருண்டது. சாஜிதா வாயைத் திறப்பதற்குள் இஃப்ரா வாசல்படியைத் தாண்டியிருந்தாள். சாஜிதா பின்னாலேயே ஓடி, படிக்கு இந்தப் பக்கம் நின்றாள். அதற்கு மேல் அவள் போக முடியாது.

ஜன்னல் திரையை ஒரு கோடளவு விலக்கிப் பார்த்தாள்.

தெருவில் பிள்ளைகள் மண்ணைக் கொட்டிச் சோறாக்கிக்கொண்டிருந்தார்கள். இஃப்ரா போனதும் கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது. யார் யாராக இருப்பது என்ற பேச்சாகத்தான் இருக்கும். பெரிய பெண் ஒருத்தி துண்டைச் சேலையாகச் சுற்றிக்கொண்டாள். இஃப்ரா போய் ராமாத்தாள் வீட்டுப் படியில் சப்பணமிட்டு உட்கார்ந்து வாயில் விரலைப் போட்டுக்கொண்டாள். விளையாட்டில் அவள்தான் குழந்தை.

சந்து முனையிலிருந்து அன்புமணி வந்தான். ஒரு ஈயத் தட்டை ஹேண்டில்போலப் பிடித்து, டுர்ர்ரென்று உதட்டைத் துடிக்கவிட்டபடி வந்தான். ஹாரன் அடித்தான்.

இஃப்ரா எழுந்து ஓடினாள். ஓடிய வேகத்தில் ஒரு செருப்பு கழன்று பின்னால் கிடந்தது. அன்புமணியை இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். அவன் கூச்சப்பட்டு நெளிந்தான். அவள் அவன் காதில் ஏதோ சொல்லிக் கொடுத்தாள். அவன் குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

இஃப்ரா கண்ணை மூடி யோசித்தாள். தொட்டாள். ஒரு கூழாங்கல். அவள் போட்ட கூச்சலுக்கு வளவே திரும்பிப் பார்த்தது.

மூன்று மாதமாக அந்தக் கூச்சலை அந்த வீடு கேட்கவில்லை. சாஜிதா திரையை விட்டாள். இத்தனை நாளாகத் தினமும் அவளுக்கு அவர் வந்துகொண்டிருந்தார். கட்டிக்கொள்ள இந்தக் குழந்தைக்குத்தான் ஒருவரும் வரவில்லை. தரையில் கிடந்த சட்டையை எடுத்து மூக்கில் வைத்தாள். வார்னிஷ் வாசனை இல்லை. இஃப்ராவின் வேர்வையும் பூண்டும்தான் வீசின.

*

பொழுது இறங்கி, பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு சொல்லும்போது இஃப்ரா திரும்பி வந்தாள். முழங்காலெல்லாம் மண். தண்ணீர் குடித்தாள். சட்டை கொடியில் நனைந்து தொங்குவதைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

"அம்மா, நாளைக்கும் போகட்டுமா?"

"போ கண்ணு. தெனமும் போ."

சொல்லிவிட்டு சாஜிதா அடுப்படிக்குப் போகவில்லை. குழந்தைக்கு எதிரே வந்து நின்றாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"எந்தக் கை?"

இஃப்ரா திகைத்துப் போனாள்.

"அது அத்தாதான் கேக்கோணும்" என்றாள்.

"தெரியும் கண்ணு. நான் அத்தா இல்ல. அம்மாதான் கேக்கறேன். இஷ்டமில்லீன்னா வேண்டாம்."

இஃப்ரா அம்மாவைச் சுற்றி ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். பிறகு சம்மதித்ததுபோல் கண்ணை மூடினாள். வலது கையைத் தொட்டாள்.

சாஜிதா கையை விரித்தாள். காலி.

குழந்தையின் முகம் சுருங்கியது. ஏமாற்றம் இல்லை, குழப்பம். காலிக் கையைப் புரட்டிப் பார்த்தாள். விரல் இடுக்கிலெல்லாம் தேடினாள்.

"ஏம்மா இதுல வெக்கல?"

"ஒரு கையிலதானே கண்ணு வெக்கறது?"

"ரெண்டு கையிலயும் வெக்கோணும். அத்தா ரெண்டு கையிலயும் வெச்சிருப்பாங்க. எதைத் தொட்டாலும் இருக்கும். உனக்குத் தெரியாதா?"

சாஜிதாவுக்குத் தெரியாது. ஐந்தடி தூரத்தில், அடுப்படியில்தான் நின்றிருந்தாள். ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

மெல்ல இடது கையை நீட்டி விரித்தாள். காப்பர் கம்பிக் குருவி. வால் மடக்கி, சிறகு விரித்து, மூக்கு கூராக.

"அத்தாவுதா?"

"அன்னைக்குப் பையில இருந்துச்சு கண்ணு. ஒண்ணுதான் இருந்துச்சு. இன்னொண்ணு முறுக்கறதுக்குள்ள..."

இஃப்ரா குருவியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு அதன் கழுத்தைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைக்கத் தொடங்கினாள். அத்தா கம்பியை ஒடிப்பது அப்படித்தான்.

சாஜிதாவின் கை பதறிக்கொண்டு பறிக்கப் போனது. அவர் கடைசியாகத் தொட்ட பொருள். பாதி வழியில் அந்தக் கையை அவளே பிடித்துக்கொண்டாள்.

கம்பி சூடாகி, நெளிந்து, ஒடிந்தது. ஒரு கையில் தலை. ஒரு கையில் சிறகு.

"இப்ப ரெண்டு" என்று நீட்டினாள் இஃப்ரா. "பின்னால வெச்சுக்கோ. மொதல்ல இருந்து கேளு."

சாஜிதா கையைப் பின்னால் கொண்டுபோனாள். ஒடிந்த முனைகள் இரண்டும் உள்ளங்கையில் குத்தின.

"எந்தக் கை?"

இஃப்ரா கண்ணை இறுக மூடினாள். தோற்றுவிடவும் கூடும் என்பதுபோல் வெகுநேரம் யோசித்தாள்.